டாம்கேட் சர்வரில் லாக் செய்திகளை அமைப்பது: முழுமையான வழிகாட்டி

புதிதாக ஏற்றிய செயலி எழும்பவில்லை. சர்வரின் சொந்தப் பதிவான கேட்டலினா லாகைத் திறந்தால் ஒரே ஒரு வரி நிற்கிறது: லிசனர் (செயலி எழும்போது இயங்கும் நிரல் பகுதி) ஒன்றோ பலவோ தொடங்கவில்லை, முழு விவரத்தை உரிய கன்டெய்னர் லாக் கோப்பில் காண்க. எந்தக் கோப்பு, எங்கே இருக்கிறது என்று ஒரு சொல்லும் இல்லை. ஜாவா வலைச் செயலிகளை இயக்கும் அப்பாச்சி டாம்கேட் சர்வரில் வேலை செய்தவர்களில் இந்த வரியைச் சந்திக்காதவர் குறைவு. பெரும்பாலோர் உடனே லாக் நிலையை உச்சத்துக்கு ஏற்றுவார்கள். ஆயிரக்கணக்கான வரிகள் கொட்டும். தேடிய விவரம் மட்டும் அதில் இருக்காது. அது முதலிலேயே எழுதப்பட்டுவிட்டது, வேறொரு கோப்பில்.

அதனால் நிலைகளைப் பிறகு பார்ப்போம். ஒரு செய்தி எங்கே பிறந்து, எந்தெந்த வாசல்களைத் தாண்டி, எந்தக் கோப்பில் போய் விழுகிறது என்பதுதான் முதலில் தெரிய வேண்டியது. அமைப்புகளின் பெயர்களை ஒலிப்படி தமிழில் தருகிறேன். உங்கள் சர்வரின் லாகிங்.ப்ராப்பர்ட்டீஸ் கோப்பைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு படித்தால், எந்த வரியைச் சொல்கிறேன் என்பது உடனே பிடிபடும்.

முதலில், செய்தி போகும் வழி

நிரலின் ஏதோ ஒரு மூலையில் ஒரு வரி, லாகர் ஒன்றிடம் செய்தியைக் கொடுக்கிறது. லாகருக்குப் பெயர் உண்டு. பெரும்பாலும் அது அந்த வகுப்பின் முழுப்பெயர். பெயரில் உள்ள புள்ளிகள்தான் உறவுமுறை: 'ஓஆர்ஜி.அப்பாச்சி.கேட்டலினா' என்ற லாகருக்கு 'ஓஆர்ஜி.அப்பாச்சி' பெற்றோர். எல்லாவற்றுக்கும் மேலே பெயரே இல்லாத மூல லாகர் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அமைப்புக் கோப்பில் வெறும் புள்ளியில் தொடங்கும் வரிகள் அதற்குரியவை.

லாகர் செய்தியை ஏற்றுக்கொண்டால், தன்னோடு இணைந்த ஹேண்ட்லரிடம் தள்ளுகிறது. ஹேண்ட்லர்தான் கோப்பையோ கன்சோலையோ கையில் வைத்திருப்பது. எழுதும் முன் செய்தியை ஃபார்மேட்டரிடம் கொடுத்து நேரம், நிலை, த்ரெட்டின் (நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைத்தடம்) பெயர், வகுப்பின் பெயர் ஆகியவற்றைச் சேர்த்து ஒரு வரியாக்கிக்கொள்கிறது.

ஜாவாவோடு 2002-இல், 1.4 பதிப்பில் வந்த லாகிங் நூலகமும் இப்படித்தான் இயங்குகிறது. ஆனால் அதில் ஒரு ஜாவா இயக்கத்துக்கு ஒரே அமைப்புதான். ஒரே டாம்கேட்டுக்குள் பத்து செயலிகள் குடியிருக்கும்போது அது போதாது. அதனால் டாம்கேட், ஜூலி என்ற தன் சொந்த லாகிங் பகுதியைக் கொண்டுவருகிறது. ஒவ்வொரு செயலிக்கும் தனி அமைப்பு இருக்கலாம் என்பதும், ஒரே வகை ஹேண்ட்லரைப் பலமுறை உருவாக்கலாம் என்பதும் ஜூலி கூடுதலாகத் தரும் வசதிகள்.

இனி தொடக்கத்தில் சொன்ன புதிருக்கு விடை. ஜூலியில், தனக்கென ஹேண்ட்லர் உள்ள லாகர், செய்தியைப் பெற்றோருக்கு அனுப்பாது. டாம்கேட்டோடு வரும் அமைப்பில் 'லோக்கல்ஹோஸ்ட்' என்ற ஹோஸ்டின் (செயலிகள் குடியிருக்கும் தளம்) லாகருக்குத் தனி ஹேண்ட்லர் கொடுக்கப்பட்டிருக்கிறது. செயலியின் லிசனர் தடுக்கி விழுந்த விவரமும், பிழை எந்தெந்த முறைகள் வழியாக வந்தது என்று காட்டும் ஸ்டாக் ட்ரேஸும் அந்த லாகர் வழியாக லோக்கல்ஹோஸ்ட் கோப்புக்குப் போய் அங்கேயே நின்றுவிடுகின்றன. கேட்டலினா கோப்புக்கு வருவது மேலோட்டமான அறிவிப்பு மட்டுமே. இரண்டிலும் வேண்டும் என்றால், அந்த லாகரின் பெயரோடு 'யூஸ்பேரன்ட்ஹேண்ட்லர்ஸ்' என்ற அமைப்பைச் சேர்த்து 'ட்ரூ' என்று கொடுங்கள். சோதனைச் சர்வரில் நான் முதலில் செய்யும் மாற்றம் இதுதான்.

எந்தக் கோப்பில் எது விழுகிறது

லாக்ஸ் அடைவைத் திறந்தால் தேதி ஒட்டிய கோப்புகள் வரிசையாக இருக்கும். கேட்டலினா கோப்பில் சர்வரின் சொந்த வாழ்க்கை: தொடங்கியது, போர்ட்டைப் பிடித்தது, செயலியை ஏற்றியது, நின்றது. லோக்கல்ஹோஸ்ட் கோப்பில் செயலிகளின் துயரங்கள்: சர்வ்லெட்டிலிருந்து (கோரிக்கைக்கு விடை தரும் ஜாவா வகுப்பு) பிடிபடாமல் வெளியேறிய பிழைகள், சர்வ்லெட் கான்டெக்ஸ்டின் லாக் முறை வழியாக எழுதப்பட்டவை. மேனேஜர், ஹோஸ்ட்-மேனேஜர் கோப்புகள் அந்த இரண்டு நிர்வாகச் செயலிகளுக்கு மட்டும். அவற்றை நீக்கிவிட்டவர்கள் அந்த ஹேண்ட்லர்களையும் நீக்கிவிடலாம். அணுகல் லாக் என்பது வேறு இனம். அது ஜூலி வழியாக வருவதே இல்லை. அதற்குத் தனிப் பகுதி கீழே இருக்கிறது.

மிச்சமிருப்பது கேட்டலினா.அவுட். இதற்குத் தேதி இல்லாததைக் கவனித்திருப்பீர்கள். இதை எழுதுவது ஜூலி அல்ல. லினக்ஸில் டாம்கேட்டைத் தொடங்கும் ஷெல் ஸ்கிரிப்ட், நிரலின் வெளியீட்டையும் பிழை வெளியீட்டையும் அப்படியே இந்தக் கோப்புக்குத் திருப்பிவிடுகிறது. மூல லாகருக்குக் கேட்டலினா கோப்பு ஹேண்ட்லரோடு கன்சோல் ஹேண்ட்லரும் இணைந்திருப்பதால், கேட்டலினா கோப்பில் உள்ள ஒவ்வொரு வரியும் இங்கே இன்னொருமுறை எழுதப்படுகிறது. நேரடிப் பயன்பாட்டுச் சர்வரில் இந்த இரட்டைச் செலவு தேவையில்லை. மூல லாகரின் ஹேண்ட்லர் வரியிலிருந்து கன்சோலை எடுத்துவிடுங்கள். டாக்கர் போன்ற கன்டெய்னருக்குள் ஓட்டினால் நேர் எதிராகச் செய்யுங்கள்: கன்சோலை வைத்துக்கொண்டு கோப்புகளை எடுத்துவிடுங்கள். அங்கே கன்சோல் வெளியீட்டைத்தான் வெளியிலுள்ள கருவிகள் சேகரிக்கின்றன. கன்டெய்னர் அழிந்தால் உள்ளே எழுதிய கோப்பும் கூடவே போய்விடும்.

சரியான கோப்பைத்தான் திருத்துகிறீர்களா

அற்பமாகத் தோன்றும் கேள்வி. ஆனால் அரை நாளை விழுங்கக்கூடியது. டாம்கேட்டை நிறுவிய இடம் ஒன்று, அது இயங்கும் அடிப்படை அடைவு இன்னொன்று என்று பிரித்து வைக்க முடியும். அப்படிப் பிரித்திருந்தால் அடிப்படை அடைவின் கான்ஃப் பகுதியில் உள்ள லாகிங்.ப்ராப்பர்ட்டீஸ்தான் செல்லும். அதோடு, 'லாகிங்_கான்ஃபிக்' என்ற சூழல் மாறி வழியாக யாரேனும் வேறு கோப்பைச் சுட்டியிருக்கலாம். ஊகிக்க வேண்டாம், ஓடிக்கொண்டிருக்கும் ஜாவா செயல்முறையின் முழுக் கட்டளை வரியை எடுத்துப் பாருங்கள். லாகிங் அமைப்புக் கோப்பு எது, லாக் மேலாளர் எது என்று இரண்டும் அதில் எழுதியிருக்கும். இரண்டுமே இல்லை என்றால் டாம்கேட்டின் ஸ்கிரிப்ட் வழியாக அது தொடங்கப்படவில்லை என்று பொருள். அப்போது நீங்கள் திருத்தும் கோப்பை யாரும் படிப்பதே இல்லை.

திருத்திய பிறகு சர்வரை நிறுத்தித் தொடங்க வேண்டும். இந்தக் கோப்பு மாறியதா என்று டாம்கேட் கண்காணிப்பதில்லை.

நிலைகளும் இரண்டு வாசல்களும்

ஜாவா லாகிங்கில் நிலைகள் ஏழு. ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஓர் எண் உண்டு: சிவியர் 1000, வார்னிங் 900, இன்ஃபோ 800, கான்ஃபிக் 700, ஃபைன் 500, ஃபைனர் 400, ஃபைனஸ்ட் 300. எண் பெரிதானால் செய்தி கடுமையானது. எல்லாவற்றையும் திறந்துவிட 'ஆல்', எல்லாவற்றையும் அடைக்க 'ஆஃப்'. மற்ற நூலகங்களில் 'டீபக்' என்று அழைக்கப்படுவது இங்கே ஃபைன். 'எரர்' என்பது இங்கே சிவியர். இந்தப் பெயர் மாற்றம் தெரியாமல் கோப்பில் 'டீபக்' என்று எழுதிவிட்டு, ஒன்றும் வரவில்லையே என்று காத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

செய்தி கோப்பை அடைய இரண்டு வாசல்களைத் தாண்ட வேண்டும். லாகருக்கு ஒரு நிலை, ஹேண்ட்லருக்கு ஒரு நிலை. லாகரை ஃபைனஸ்ட் ஆக்கினாலும், ஹேண்ட்லர் ஃபைனில் நின்றால் 400-ம் 300-ம் வெளியே வராது. ஹேண்ட்லரை 'ஆல்' ஆக்கினாலும், லாகர் இன்ஃபோவில் நின்றால் 800-க்குக் கீழே எதுவும் ஹேண்ட்லரின் கண்ணிலேயே படாது. லாகருக்கு நிலை எதுவும் கொடுக்காவிட்டால் பெற்றோருடையதை எடுத்துக்கொள்ளும்; மூல லாகருக்கும் கொடுக்காவிட்டால் இன்ஃபோ.

என் பழக்கம் இது: கோப்பு ஹேண்ட்லர்களை 'ஆல்' நிலையில் வைத்துவிட்டு, கட்டுப்பாடு முழுவதையும் லாகர்களிடம் கொடுத்துவிடுவது. ஒரு செய்தி வரவில்லை என்றால் பார்க்க வேண்டிய இடம் ஒன்றுதான் என்றாகிவிடும்.

எந்த லாகரைத் திறப்பது? அதன் பெயர் பெரும்பாலும் லாக் வரியிலேயே இருக்கிறது. உதாரணமாக, டாம்கேட் தொடங்கும்போது, ஒரு ஜார் கோப்பையாவது (ஜாவா நூலகப் பொதி) டிஎல்டிக்காக (ஜேஎஸ்பி டேக் நூலகத்தின் விவரக் கோப்பு) அலசியும் ஒன்றும் கிடைக்கவில்லை, முழுப் பட்டியல் வேண்டுமானால் இந்த லாகரின் டீபக்கைத் திறக்கவும் என்று ஒரு செய்தி வருவதுண்டு. அந்த வரியில் த்ரெட்டின் பெயருக்குப் பிறகு வகுப்பின் முழுப்பெயரும் முறையின் பெயரும் இருக்கும். கடைசிப் புள்ளிக்குப் பின்னுள்ள முறையின் பெயரை வெட்டிவிடுங்கள். மிஞ்சியதோடு '.லெவல்' சேர்த்து ஃபைன் என்று எழுதுங்கள். பட்டியல் வரும், தேவையற்ற ஜார்களை அலசலிலிருந்து விலக்கினால் சர்வர் எழும் நேரமும் குறையும். உள்நுழைவில் சிக்கல் என்றால் கேட்டலினாவின் 'ரெல்ம்' தொகுப்பு, செஷன் தொலைகிறது என்றால் 'செஷன்' தொகுப்பு. மூல லாகரை மட்டும் ஃபைனுக்குத் திறந்துவிடாதீர்கள். சர்வரின் ஒவ்வொரு பகுதியும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கும்.

செயலிக்குத் தனிக் கோப்பு

ஹேண்ட்லர்களின் பெயர்கள் '1கேட்டலினா', '2லோக்கல்ஹோஸ்ட்' என்று எண்ணில் தொடங்குவது ஏன் என்று பலர் யோசிப்பதில்லை. அது வரிசை எண் அல்ல. ஒரே கோப்பு ஹேண்ட்லர் வகுப்பைப் பலமுறை உருவாக்க வேண்டும் என்பதால், வகுப்பின் பெயருக்கு முன்னே ஓர் அடையாளம் ஒட்டப்படுகிறது. அந்த அடையாளம் எண்ணில் தொடங்கிப் புள்ளியில் முடிய வேண்டும் என்பது ஜூலியின் விதி.

புதிதாக ஒன்றைச் சேர்க்க:

1. கோப்பின் உச்சியில் 'ஹேண்ட்லர்ஸ்' என்று தொடங்கும் பட்டியலில், உங்கள் அடையாளத்தோடு (உதாரணமாக '5கணக்கு.') ஹேண்ட்லர் வகுப்பின் முழுப்பெயரைச் சேருங்கள். இங்கே விட்டுவிட்டால் கீழே எழுதும் எதுவும் உயிர்பெறாது.

2. அதே முழுப்பெயரைக் கொண்டு நிலை, அடைவு, முன்னொட்டு, எழுத்துக்குறியாக்கம், 'மேக்ஸ்டேஸ்' ஆகியவற்றை ஒவ்வொரு வரியாகக் கொடுங்கள். அடைவுக்கு மற்ற ஹேண்ட்லர்கள் பயன்படுத்தும் கேட்டலினா அடிப்படை அடைவு மாறியையே நகலெடுங்கள். முழுப் பாதையை எழுதிவைத்தால் சர்வரை இடம் மாற்றும்போது உடையும்.

3. செயலியின் தொகுப்புப் பெயரில் உள்ள லாகருக்கு '.ஹேண்ட்லர்ஸ்' என்று எழுதி இந்த ஹேண்ட்லரைக் கொடுங்கள், '.லெவல்' வரியையும் சேருங்கள்.

மேக்ஸ்டேஸ் என்பது பழைய கோப்புகளை எத்தனை நாள் வைத்திருப்பது என்ற கணக்கு. இப்போதைய டாம்கேட்டோடு வரும் அமைப்பில் 90 என்று இருக்கும். நீங்களே உருவாக்கும் ஹேண்ட்லருக்கு அதை எழுதாவிட்டால் கோப்புகள் ஒருபோதும் அழிக்கப்படாது. எழுத்துக்குறியாக்கத்தை யூடிஎஃப்-8 என்று வெளிப்படையாக எழுதுங்கள். ஜாவா 18 முதல் அதுவே இயல்பு என்றாலும், பழைய ஜாவாவில் இயக்குதளத்தின் இயல்பு எதுவோ அதுதான் செல்லும். தமிழில் எழுதிய பிழைச் செய்தி வெறும் கேள்விக்குறிகளாகக் கோப்பில் கிடக்கும்.

சர்வர் கோப்பைத் தொட அனுமதி இல்லையென்றால், இதே அமைப்புகளைச் செயலியின் வெப்-இன்ஃப் அடைவுக்குள், கிளாசஸ் பகுதியில் ஒரு லாகிங்.ப்ராப்பர்ட்டீஸாக வைக்கலாம். அது அந்தச் செயலியை மட்டும் ஆளும்.

ஓர் எச்சரிக்கை. உங்கள் செயலி லாக்பேக் அல்லது லாக்4ஜே 2 என்ற வேறு லாகிங் நூலகத்தைப் பயன்படுத்தினால், அதன் செய்திகள் ஜூலியை எட்டிப்பார்ப்பதே இல்லை. அவற்றுக்கு அந்தந்த நூலகத்தின் அமைப்புக் கோப்புதான் தெய்வம். ஸ்ப்ரிங் பூட் செயலிக்குள் பொதிந்துவரும் டாம்கேட்டுக்குக் கான்ஃப் அடைவே கிடையாது. அங்கே எல்லாமே ஸ்ப்ரிங்கின் அமைப்பு வழியாகத்தான்.

அணுகல் லாக்

யார், எப்போது, எதைக் கேட்டார், என்ன விடை போனது என்பதைக் கோரிக்கைக்கு ஒரு வரியாக எழுதுவது அணுகல் லாக். அது சர்வர்.எக்ஸ்எம்எல் கோப்பில், ஹோஸ்ட் பகுதிக்குள் ஒரு வால்வாக (கோரிக்கை கடந்துபோகும் வழியில் பொருத்தும் பகுதி) அமைக்கப்படுகிறது. வரியின் வடிவத்தைப் 'பேட்டர்ன்' என்ற பண்பு தீர்மானிக்கிறது. நிறுவியவுடன் கிடைக்கும் வடிவத்தில் முகவரி, பயனர், நேரம், கோரிக்கை வரி, விடை எண், பைட் அளவு ஆகியவை உண்டு. கோரிக்கைக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்பது இல்லை. 'தளம் மெதுவாக இருக்கிறது' என்ற புகார் வரும் நாளில் உங்களுக்குத் தேவைப்படப்போவது அது ஒன்றுதான். இன்றே சேர்த்துவிடுங்கள்.

நேரத்துக்கான குறியீடு, சதவீதக் குறியும் ஆங்கில அகரவரிசையின் நான்காம் எழுத்தும். எழுத்து பெரியதாக இருக்க வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. டாம்கேட் 9 வரை இது மில்லிவினாடி. 10 முதல் மைக்ரோவினாடி. ஐந்து வினாடியைத் தாண்டினால் எச்சரிக்க வேண்டும் என்று 5000-ஐ வரம்பாக வைத்திருந்த ஸ்கிரிப்ட், பதிப்பை உயர்த்திய மறுநாள் ஐந்து மில்லிவினாடிக்கே அலறத் தொடங்கும். கூடவே த்ரெட்டின் பெயருக்கான குறியீட்டையும் (பெரிய 'ஐ') சேர்த்தால், மெதுவான கோரிக்கையின் த்ரெட் பெயரை மற்ற கோப்புகளில் தேடி, அந்த நேரத்தில் அது என்ன எழுதியது என்று கண்டுபிடிக்கலாம்.

முன்னால் ப்ராக்ஸி சர்வர் ஒன்று நின்றால், எல்லா வரிகளிலும் ப்ராக்ஸியின் முகவரியே இருக்கும். ரிமோட் ஐபி வால்வைச் சேர்த்தால் உண்மையான முகவரி செயலிக்குத் தெரியும், ஆனால் அணுகல் லாகில் அப்போதும் பழையதே வரும். காரணம், லாக் எழுதப்படும் நேரத்துக்குள் அந்த வால்வு தன் மாற்றத்தைத் திரும்ப எடுத்துவிட்டிருக்கும். அணுகல் லாக் வால்வில் 'ரிக்வெஸ்ட்ஆட்ரிப்யூட்ஸ்எனேபிள்டு' என்ற பண்பை 'ட்ரூ' ஆக்க வேண்டும்.

இன்னும் இரண்டு சிறு குறிப்புகள். இந்த லாக் இயல்பாகவே தாங்கல் நினைவகத்தில் சேர்த்துவைத்து எழுதுகிறது. அதனால் பக்கத்தைத் திறந்தவுடன் வரி வரவில்லை என்று பதற வேண்டாம். இதற்கும் மேக்ஸ்டேஸ் உண்டு; சொல்லாவிட்டால் கோப்புகள் என்றென்றும் தங்கும்.

கேட்டலினா.அவுட் டிஸ்கை நிரப்பும்போது

ஒரு விடுமுறை நாளில் சர்வர் நின்றுபோனதாக அழைப்பு வந்தது. டிஸ்க் நிரம்பியிருந்தது, குற்றவாளி கேட்டலினா.அவுட். அப்போது அனுபவம் குறைவு. கோப்பை அழித்தேன். இடம் ஒரு பைட்கூடத் திரும்பவில்லை. லினக்ஸில், திறந்துவைத்திருக்கும் செயல்முறை விடும்வரை அழித்த கோப்பின் இடம் விடுபடாது என்பதை அன்று கற்றேன். அழிக்காமல், கோப்பைச் சுழிய அளவுக்குச் சுருக்கியிருக்க வேண்டும். ஸ்கிரிப்ட் இந்தக் கோப்பை இறுதியில் சேர்க்கும் முறையில் திறப்பதால், சுருக்கிய பிறகு எழுத்து முதலிலிருந்து இயல்பாகத் தொடரும்.

நிரந்தரத் தீர்வு லாக்ரொட்டேட் கருவியில் 'காப்பிட்ரங்கேட்' முறை: கோப்பை நகலெடுத்துவிட்டு மூலத்தைச் சுருக்குவது. நகலெடுப்புக்கும் சுருக்கத்துக்கும் இடைப்பட்ட நொடியில் வந்த சில வரிகள் தொலையலாம். டிஸ்க் நிரம்புவதைவிட அது மேல்.

கன்சோல் ஹேண்ட்லரை எடுத்த பிறகும் கோப்பு வளர்கிறது என்றால், செயலிக்குள் யாரோ சிஸ்டம்.அவுட் வழியாக நேரடியாக அச்சிடுகிறார்கள். நிரலைத் திருத்துவதே நல்லது. முடியாதபோது, செயலியின் கான்டெக்ஸ்ட் அமைப்பில் 'ஸ்வாலோஅவுட்புட்' பண்பை 'ட்ரூ' ஆக்கினால் அந்த அச்சு லாகருக்குத் திருப்பப்படும்.

எதை எழுதக்கூடாது

கோரிக்கை வரியில் முகவரிக்குப் பின் வரும் கேள்விச்சரமும் அணுகல் லாகில் பதிவாகிறது. கடவுச்சொல்லையோ டோக்கனையோ முகவரியில் வைத்து அனுப்பும் செயலி, அவற்றை லாகைப் படிக்கக்கூடிய எல்லோருக்கும் வழங்கிக்கொண்டிருக்கிறது. பயனர் தட்டிய உரையை அப்படியே லாகில் கொட்டுவதும் ஆபத்து: நடுவில் புதுவரிக் குறியைப் புகுத்தி, நடக்காத ஒன்றை நடந்ததாகக் காட்டும் பொய் வரியை ஒருவர் உருவாக்க முடியும். 2021 டிசம்பரில் லாக்4ஜே 2-இல் வெளிப்பட்ட லாக்4ஷெல் ஓட்டை இன்னும் மோசம். தாக்குபவர் அனுப்பிய ஒரு சரத்தை லாகில் எழுதியதே, வெளியிலிருந்து நிரலை இறக்கி இயக்கப் போதுமானதாக இருந்தது. டாம்கேட்டின் ஜூலி அந்த நூலகத்தைப் பயன்படுத்தவில்லை; உள்ளே குடியிருந்த செயலிகள் பல பயன்படுத்தின. உங்கள் செயலியின் லிப் அடைவில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

வரிகள் தொலையும் இன்னோர் இடம்

இயல்பான கோப்பு ஹேண்ட்லர், தனி த்ரெட்டில் பின்னணியில் எழுதும் வகை. கோரிக்கையைக் கையாளும் த்ரெட் டிஸ்குக்காகக் காத்திருக்க வேண்டாம் என்பதற்காக, செய்திகள் ஒரு வரிசையில் நிற்கின்றன. வரிசையின் கொள்ளளவு இயல்பாக 10,000. அது நிரம்பினால் சில செய்திகள் சத்தமின்றிக் கைவிடப்படும். நிரம்புவது எப்போது? பிழைகள் வெள்ளமாக வரும்போது. அதாவது லாக் மிகவும் தேவைப்படும் நேரத்தில். ஒரு வரிகூடத் தவறக்கூடாத செயலி என்றால், கைவிடுவதற்குப் பதிலாக எழுதும் த்ரெட்டைக் காத்திருக்க வைக்கும்படி அமைப்பை மாற்றலாம். அதன் விலை, டிஸ்க் திணறினால் தளமும் சேர்ந்து திணறும். பெரும்பாலான இடங்களில் இயல்பு அமைப்பே போதும் என்பது என் கருத்து.

சரிபார்ப்பு

ஒரு நேரத்தில் ஒரு வரியை மட்டும் மாற்றுங்கள். தொடங்கியவுடன் லாக்ஸ் அடைவைப் பாருங்கள்: புதிய ஹேண்ட்லரின் கோப்பு, உள்ளே எதுவும் இல்லாவிட்டாலும், உருவாகியிருக்க வேண்டும். உருவாகவில்லை என்றால் உச்சிப் பட்டியலில் பெயர் விட்டுப்போயிருக்கிறது, அல்லது அடைவில் எழுத அனுமதி இல்லை. உருவாகியும் காலியாக இருந்தால் லாகரின் பெயரில் எழுத்துப்பிழையா என்று பாருங்கள்; அடுத்து நிலைகளை. பிறகு வேண்டுமென்றே ஒரு பிழையை வரவழையுங்கள். சோதனைப் பக்கம் ஒன்றிலிருந்து பிடிபடாத பிழையை எறிந்து, அது லோக்கல்ஹோஸ்ட் கோப்பில் ஸ்டாக் ட்ரேஸோடு வருகிறதா என்று பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

கோப்பை டெயில் கட்டளையால் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு: நள்ளிரவுக்குப் பிறகு பெயரில் தேதி மாறும், ஆனால் புதிய கோப்பு முதல் செய்தி வரும்போதுதான் பிறக்கும். காலையில் இன்றைய தேதியில் லோக்கல்ஹோஸ்ட் கோப்பு இல்லையென்றால் லாகிங் பழுதாகிவிட்டது என்று பொருளல்ல. இரவில் எந்தச் செயலியும் அதில் எழுதவில்லை, அவ்வளவுதான்.